வீட்டின் பதிவேடு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்: ராஸ்பெரி பை 5 இல் ஹோம் அசிஸ்டன்ட் நிறுவுவது எப்படி?

வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான தாயோ தந்தையோ தனியாக வாழும் வீடுகள் ஏராளம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அந்த வீடுகளுக்கு வரும் பொதிகளில் இப்போது சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒரு சிறிய வைபை கமரா, அல்லது கைத்தொலைபேசியால் இயக்கக்கூடிய ஒரு பிளக். அம்மா எழும்பிவிட்டாரா, தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதா, படலை பூட்டியிருக்கிறதா என்று தொலைவிலிருந்து தெரிந்துகொள்ளப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். அதில் தவறில்லை.

ஆனால், அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை வீட்டில் நடப்பதை நேரடியாகப் பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு அனுப்புவதில்லை. முதலில் கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் சேர்வருக்கு அனுப்புகின்றன. அது எந்த நாட்டில் இருக்கிறது, அங்கு எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், யார் கேட்டால் கொடுப்பார்கள் என்பதை வீட்டில் இருப்பவர் ஒருபோதும் அறியப் போவதில்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த அறையில் எப்போது விளக்கு எரிந்தது, வீடு எந்த நாட்களில் பூட்டிக் கிடந்தது என்ற பதிவேடு ஒன்று வீட்டுக்கு வெளியே வளர்ந்துகொண்டே போகிறது.

இதை மற்றவர்கள் சிறிய விடயமாக நினைக்கலாம். வீட்டில் இருப்போரின் பெயர்ப் பட்டியலைப் படையினரிடம் கொடுத்தவர்களும், இரவு தங்க வந்த உறவினரைப் பொலிஸில் பதிந்தவர்களும் அப்படி நினைக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் வீடுகளுக்கு இன்றைக்கும் விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். யார் வந்து போகிறார்கள் என்ற தகவலுக்கு என்ன பெறுமதி என்று நமக்குத் தெரியும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆனால், அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. ஆகவே, சட்டம் வந்து காக்கும் வரை காத்திருக்காமல், நாமே செய்யக்கூடிய ஒன்றைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

இரண்டு பெயர்கள்

ஹோம் அசிஸ்டன்ட் என்பது வீட்டிலுள்ள மின்குமிழ், பிளக், கதவு உணரி, கமரா போன்றவற்றை ஒரே இடத்திலிருந்து கவனிக்கவும் இயக்கவும் உதவும் இலவச, திறந்தமூல மென்பொருள். நெதர்லாந்துக்காரரான பவுலஸ் ஸ்கௌட்சன் 2013 இல் இதைத் தொடங்கினார். 2024 ஏப்ரலில் இது ஓப்பன் ஹோம் பவுண்டேஷன் என்ற, சுவிற்சர்லாந்தில் அமைந்த இலாப நோக்கற்ற அமைப்பின் கீழ் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு மாதமும் புதிய பதிப்பு வருகிறது. நமக்கு முக்கியமானது ஒன்றுதான்: இது ஓடுவது நம் வீட்டிலுள்ள கணினியில். பதிவுகளும் அதற்குள்ளேயே இருக்கும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

ராஸ்பெரி பை 5 அந்தக் கணினி. உள்ளங்கை அளவான ஒற்றைப் பலகைக் கணினி. 2023 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. 4 ஜிபி நினைவகம் கொண்ட பலகையின் அறிமுக விலை 60 அமெரிக்க டொலர். விலை பின்னர் மாறியிருக்கிறது. இலங்கையில் வாங்கும்போது வரியும் இறக்குமதிச் செலவும் சேரும். பழைய பை 4 ஐ விட வேகம் மிக அதிகம். வேகத்தை விட நமக்குப் பயன்படும் வேறு இரண்டு வசதிகளும் இதில் உண்டு. ஒன்று, பலகையிலேயே நேரத்தைக் காக்கும் கடிகாரச் சுற்று இருக்கிறது. அதற்கான சிறிய பற்றரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். மின்வெட்டு முடிந்து இணையம் திரும்பாத நேரத்திலும் மணி தவறாமல் இருக்க இது உதவும். மற்றது, எஸ்எஸ்டி சேமிப்பகத்தை நேரடியாக இணைப்பதற்கான வழி.

எவற்றை வாங்க வேண்டும்?

பலகையில் 2 ஜிபி நினைவகம் இருந்தாலே தொடங்கலாம். 4 ஜிபி தாராளம். மேலதிகமாகப் பணம் இருந்தால் அதைப் பின்வருவனவற்றுக்குச் செலவழியுங்கள்.

முதலாவது, சரியான மின்வழங்கி. பை 5 க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 27 வாட் அடப்டர் தேவை. வீட்டிலிருக்கும் கைத்தொலைபேசி சார்ஜரைச் செருகினாலும் பலகை ஓடும். ஆனால், அப்போது யூஎஸ்பி துளைகளுக்குப் போகும் மின்னோட்டத்தை 600 மில்லிஆம்பியருக்கு அது மட்டுப்படுத்திவிடும். எஸ்எஸ்டி இணைத்திருந்தால் அது இடையிடையே அறுந்துபோகும். காரணம் தெரியாமல் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருக்க நேரிடும்.

இரண்டாவது, விசிறியுடன் கூடிய குளிரூட்டி. இந்தப் பலகை நன்றாகச் சூடேறும். 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கும். சீற் போட்ட கூரையின் கீழ் நண்பகலில் இருக்கும் வெக்கை நமக்குத் தெரியும். காற்றோட்டமான, எறும்பும் பல்லியும் குடிபுகாத ஒரு பெட்டியும் வேண்டும்.

மூன்றாவது, சேமிப்பகம். 32 ஜிபி, ஏ2 தர மைக்ரோ எஸ்டி கார்ட் ஒன்றுடன் தொடங்கலாம். ஆனால், ஹோம் அசிஸ்டன்ட் நாள் முழுவதும் பதிவுகளை எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும்போது மின்சாரம் போனால் கார்ட் பழுதாகலாம். சிறிய எஸ்எஸ்டி ஒன்று இருந்தால், நிறுவிய பின் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குச் சென்று தரவுகளை மட்டும் அதற்கு மாற்றிவிடலாம்.

நான்காவது, ரவுட்டருடன் இணைக்க ஒரு நெட்வேர்க் வயர்.

நிறுவும் முறை

ஒரு எச்சரிக்கையுடன் தொடங்குகிறேன். யூடியூப்பில் இருக்கும் பழைய காணொளிகளில் பல, லினக்ஸை நிறுவி அதன் மேல் ஹோம் அசிஸ்டன்டைக் கட்டளை கட்டளையாக ஏற்றும் வழிகளைக் காட்டுகின்றன. அவற்றில் சுப்பர்வைஸ்ட், கோர் என்ற இரண்டு முறைகளையும் கைவிடுவதாக 2025 மே மாதத்தில் அறிவித்துவிட்டார்கள். இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு: கொன்ரெய்னர் முறை, ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளம். வீட்டுப் பாவனைக்கு இரண்டாவதே பொருத்தம். அது முழுப் பலகையையும் எடுத்துக்கொள்ளும், பராமரிப்புக் குறைவு.

1. ஏதாவது ஒரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள்.

2. அதில் கருவியாக ராஸ்பெரி பை 5 ஐத் தெரிவு செய்யுங்கள். இயங்குதளப் பட்டியலில், குறித்த தேவைகளுக்கான ஏனைய இயங்குதளங்கள் என்ற பகுதிக்குள் வீட்டுத் தானியக்கம் என்ற பிரிவு இருக்கும். அதற்குள் ஹோம் அசிஸ்டன்ட் இருக்கிறது. பை 5 க்கு உரியதையே எடுங்கள். பை 4 க்கானது இதில் தொடங்காது.

3. எஸ்டி கார்ட்டைச் செருகி எழுதுங்கள். கார்ட்டில் முன்பிருந்த படங்கள் உட்பட அனைத்தும் அழியும்.

4. கார்ட்டைப் பலகையில் போட்டு, நெட்வேர்க் வயரை ரவுட்டருடன் இணைத்து, மின்சாரம் கொடுங்கள். திரை, விசைப்பலகை எதுவும் தேவையில்லை.

5. அதே ரவுட்டரில் இணைந்திருக்கும் கைத்தொலைபேசியிலோ கணினியிலோ உலாவியைத் திறந்து, ஹோம்அசிஸ்டன்ட் என்பதை இடைவெளியின்றி, பின் ஒரு புள்ளி, லோக்கல், முக்காற்புள்ளி, 8123 என்று ஆங்கில எழுத்துக்களில் தட்டச்சிடுங்கள். பக்கம் திறக்காவிட்டால், ரவுட்டரின் பட்டியலில் பலகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஐபி இலக்கத்தைப் பார்த்து, அதனுடன் 8123 ஐச் சேர்த்து முயன்று பாருங்கள்.

6. முதல் தடவை அது புதிய பதிப்பைத் தரவிறக்கும். இருபது நிமிடம் வரை ஆகலாம். இணையம் மெதுவாக இருந்தால் இன்னும் கூடும். இடையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். நூற்றுக்கணக்கான மெகாபைட் செலவாகும் என்பதால், சிம் போட்ட ரவுட்டர் வைத்திருப்பவர்கள் டேட்டா மிச்சம் பார்த்துத் தொடங்குவது நல்லது.

7. பின்னர் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். மின்னஞ்சல் கேட்காது, தொலைபேசி இலக்கம் கேட்காது. இந்தக் கணக்கு அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. பாவனை விபரங்களைப் பகிர விருப்பமா என்றும் கேட்கும். நீங்களாக இயக்காவிட்டால் எதுவும் போகாது. மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. மொழிபெயர்க்கப்படாத சொற்கள் ஆங்கிலத்தில் தெரியும்.

எந்தக் கருவியைச் சேர்ப்பது?

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெட்டி வீட்டுக்குள் இருந்தால் மட்டும் போதாது. அதனுடன் இணைக்கும் கருவியும் வீட்டுக்குள்ளேயே பேச வேண்டும். ஹோம் அசிஸ்டன்டின் இணையத்தளத்தில் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தக் கருவி உள்ளூரில் இயங்குகிறதா, வெளி சேர்வர் வழியாக இயங்குகிறதா என்று அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். வாங்க முன் அதைப் பாருங்கள். மலிவான வைபை பிளக்குகளில் பல, துயா என்ற சீன நிறுவனத்தின் சேர்வர்களை நம்பி இயங்குபவை. அவற்றை ஹோம் அசிஸ்டன்டில் சேர்க்கலாம்; ஆனால், தகவல் வழக்கமான வழியில் வெளியே போய்த்தான் திரும்பி வரும்.

உள்ளூரில் இயங்க நல்ல வழி சிக்பீ என்ற குறைந்த மின்சக்தி வானொலி முறை. இதற்கு யூஎஸ்பி இல் செருகும் சிறிய வாங்கி ஒன்று வேண்டும். அதைப் பலகையில் நேரடியாகச் செருகாமல், ஒரு மீற்றர் அளவான நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 துளைகளிலிருந்து எழும் இரைச்சல் அதே அலைவரிசையைக் குழப்பும். சிக்பீ கதவு உணரிகளும் அசைவு உணரிகளும் சிறிய பற்றரியில் நீண்ட காலம் ஓடும். இணையத்தைத் தொடுவதே இல்லை.

தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை அறிய, ஈஎஸ்பி 32 என்ற சிறு சில்லுப் பலகையையும் தண்ணீர் புகாத அல்ட்ராசொனிக் உணரியையும் இணைத்து ஈஎஸ்பிஹோம் மென்பொருளால் இயக்கலாம். கிணற்று மோட்டாரையும் தானாக நிறுத்தலாம். ஆனால், மோட்டாரை ஒருபோதும் ஸ்மார்ட் பிளக்கில் நேரடியாகக் கொழுவ வேண்டாம். தொடங்கும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் வழமையை விடப் பல மடங்கு. இடையில் கொன்டக்டர் ஒன்று வேண்டும். அதைப் பொருத்துவது மின் வேலை தெரிந்தவரின் பொறுப்பு. 230 வோல்ட்டில் பரிசோதனை கூடாது.

கமரா இல்லாமல் கவனிப்பது

வன்னியில் தனியாக வாழும் ஒரு தாயின் வீட்டில் இதைப் பொருத்தியபோது அவர் முதலில் கேட்டது வேகத்தையோ விலையையோ அல்ல.

"பிள்ளை, இது நாங்கள் கதைக்கிறதையும் கேக்குமோ?"

"இல்லை அன்ரி. இதிலை மைக்கும் இல்லை, கமராவும் இல்லை."

"அப்ப சரி. மகன் அனுப்பின கமராவை நான் அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன். உடுப்பு மாத்தவும் ஏலாமக் கிடந்தது."

பிள்ளையின் கவலையும் உண்மை, தாயின் கூச்சமும் உண்மை. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அடுக்களையில் ஒரு அசைவு உணரி மட்டும் போதும்.

ஹோம் அசிஸ்டன்டில் எந்தத் தானியங்கு செயலுக்கும் மூன்று பகுதிகள்: தூண்டுதல், நிபந்தனை, செயல். இங்கே தூண்டுதல், அடுக்களையில் அசைவு. நிபந்தனை, நேரம் காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். அன்று ஏற்கெனவே செய்தி போயிருக்கக் கூடாது. செயல், மகனின் கைத்தொலைபேசிக்கு "காலை வணக்கம்" என்ற ஒரு சொற்றொடர்.

அசைவு இல்லாவிட்டால் எச்சரிக்கை அனுப்பும்படி வைக்கலாமே என்று மகன் கேட்டார். வைக்கலாம். ஆனால், மின்சாரம் போனால், இணையம் அறுந்தால், பெட்டி பழுதானால் அந்த எச்சரிக்கையும் வராது. அம்மா விழுந்து கிடக்க, மகன் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருப்பார். நலம் என்ற செய்தி தினமும் வரும்படி வைத்தால், எது பழுதானாலும் செய்தி வராது. வராதபோது மகன் தொலைபேசி எடுப்பார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார். வயதானவர்களைக் கவனிக்கும் எந்த ஏற்பாட்டையும் இப்படியே அமையுங்கள்.

கைத்தொலைபேசிக்கு வரும் அறிவித்தல்கள் கூகிள் அல்லது அப்பிள் சேர்வர் வழியாகவே போகின்றன. ஆகவே, வாசகத்தில் பெயர், இடம் எதையும் எழுத வேண்டாம். "காலை வணக்கம்" என்பதை யார் வாசித்தாலும் அதில் ஒன்றுமில்லை.

மின்வெட்டும் இணையமும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போயின. வெளி சேர்வரை நம்பும் பிளக், இணையம் அறுந்ததும் கைத்தொலைபேசியின் சொல்லைக் கேட்காது. நம் பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் போதும். வீட்டு வைபை வழியாக எல்லாம் நடக்கும்.

அதற்கு யூபிஎஸ் தேவை. ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கும் மினி யூபிஎஸ்களின் 5 வோல்ட் துளை பெரும்பாலும் 2 ஆம்பியர்தான் தரும். பை 5 க்கு அது காணாது. கணினிக்குப் பயன்படுத்தும் சாதாரண யூபிஎஸ் இல் பலகையின் சொந்த அடப்டரையும் ரவுட்டரையும் கொழுவுங்கள். இரண்டும் குறைந்த மின்சாரமே எடுப்பதால் கணிசமான நேரம் தாங்கும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பற்றரியும் மின்சாரமும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சமூகம் நாங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பை நம்பி வீட்டை ஒப்படைக்கக் கூடாது என்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீடு எதை நினைவில் வைக்க வேண்டும்?

அந்தத் தாய் கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. "ஆரார் வந்து போறது எண்டதையும் இது எழுதி வைக்குமோ?"

எழுதி வைக்கும். கதவு திறந்த நேரம், அசைவு தெரிந்த நேரம் எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்ட் இயல்பாகப் பத்து நாட்களுக்கு வைத்திருந்து பின் அழிக்கும். வெப்பநிலை, மின்பாவனை போன்ற எண் அளவீடுகளின் மணித்தியாலச் சுருக்கத்தை அழிக்காமல் வைத்திருக்கும். இந்தப் பதிவுப் பகுதிக்கு ரெக்கோடர் என்று பெயர். அமைப்புக் கோப்பில் சில வரிகள் எழுதி நாட்களைக் குறைக்கலாம். படலை உணரி, அசைவு உணரி போன்றவற்றைப் பதிவிலிருந்து முற்றாக விலக்கலாம். விலக்கினாலும் அவை தம் வேலையைச் செய்யும். நினைவில் மட்டும் வைக்கமாட்டா. அவர் வீட்டில் இரண்டு நாட்கள் என்று குறைத்து, படலையையும் அடுக்களையையும் விலக்கினோம்.

இதைச் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பெட்டி, தொலைவில் இருப்பவரிடமிருந்து பதிவுகளைக் காக்கும். வீட்டுக்குள் வந்து பெட்டியைத் தூக்கிச் செல்பவரிடமிருந்து காக்காது. உள்ளே இருக்கும் தரவுகள் இயல்பாகப் பூட்டப்பட்டிருப்பதில்லை. எழுதப்படாத பதிவை யாராலும் எடுத்துப் போக முடியாது.

காப்புப் பிரதிகள் மட்டும் 2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து ஒரு திறவுகோலால் பூட்டப்படுகின்றன. அந்தத் திறவுகோலைத் தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். அது இல்லாமல் காப்புப் பிரதியைத் திறக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பது

வீட்டை வெளியிலிருந்து பார்க்க, ரவுட்டரில் 8123 என்ற வாசலைத் திறந்துவிடும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள்; அது படலையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது போன்றது. சிம் போட்ட ரவுட்டர்களில் பெரும்பாலும் அது வேலை செய்யவும் மாட்டாது, ஏனெனில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. ரெயில்ஸ்கேல் போன்ற வீபிஎன் சேவையொன்றைப் பெட்டியிலும் மகனின் கைத்தொலைபேசியிலும் நிறுவினால், இரண்டுக்கும் இடையில் மறைகுறியாக்கப்பட்ட தனிவழி கிடைக்கும். பணம் கட்ட முடிந்தவர்கள், ஹோம் அசிஸ்டன்டை உருவாக்கியவர்களின் நபு காசா என்ற மாதச் சந்தா சேவையைப் பெறலாம். எதைத் தெரிவு செய்தாலும் இரட்டை உறுதிப்படுத்தலை இயக்குங்கள்.

கடைசியாக ஒன்று. நிறுவியவர் யாராக இருந்தாலும், நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் அந்த வீட்டில் வாழ்பவரிடம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கைக் கொடுங்கள். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். பெட்டியை எப்படி நிறுத்துவது என்பதையும் தாய்க்குக் காட்டிக் கொடுங்கள். பை 5 இல் அதற்கென்றே ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. பிடிக்காத நாளில் அதை அழுத்துவதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.